மூச்சுத்தடையும் உறக்கத்தில் பல் கடிப்பதும்: சிபாப் போட்டால் இரண்டும் தீருமா?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். எனக்கு 46 வயது. மதுரையில் கணக்கர் வேலை. இரண்டு ஆண்டுகளாக உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேன். காலையில் எழும்போது, இரவெல்லாம் கடலைமிட்டாய் மென்றதுபோல் கன்னங்கள் கனத்து, நெற்றிப்பொட்டில் வலி தெறிக்கிறது. பல் மருத்துவர் மேல்வரிசைக்கு நைட் கார்டு (உறங்கும்போது பல்வரிசையின் மேல் மாட்டும் காப்புறை) செய்து கொடுத்தார். எட்டே மாதத்தில் அதன் வலப்பக்கக் கடைவாயில் நகம் பதியும் அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது.

குறட்டை நெடுநாளாகவே உண்டு. சென்ற மாதம் ஒரு நாள், குறட்டை சட்டென்று அடங்கியதையும், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து இருபது வினாடி எண்ணிய பிறகே பெரும் திணறலோடு மூச்சு திரும்பியதையும், அதை ஒட்டியே பல் கடிக்கும் ஓசை எழுந்ததையும் என் மனைவி கவனித்திருக்கிறார். வீட்டிலேயே கருவி கட்டிச் செய்த பரிசோதனையில் மணிக்கு 22 தடவை மூச்சு தடைபடுகிறது என்று வந்தது. சிபாப் (முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் கருவி) வாங்கச் சொல்கிறார்கள். அதைப் போட்டால் பல் கடிப்பதும் நிற்குமா? முகமூடியையும் நைட் கார்டையும் சேர்த்து அணியலாமா?

பின்னிரவு

நான் நான்கு ஆண்டுகளாகச் சிபாப் அணிந்து உறங்குகிறேன். மணிக்கு 5க்குக் கீழ் இருந்தால் இயல்பு, 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது என்பது கணக்கு. ஒவ்வொரு தடையும் குறைந்தது 10 வினாடி நீடித்தால்தான் எண்ணப்படும். ஆகவே உங்கள் 22ஐத் தள்ளிப்போட வேண்டாம். இரத்த அழுத்தத்தையும் அளந்துகொள்ளுங்கள். பகலில் கண் சொக்கினால் வண்டி ஓட்டாதீர்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் சிபாப்பை ஆக்சிஜன் என்றே நினைத்தார்கள். அது அறைக்காற்றையே அழுத்தமாகச் செலுத்தி, தளர்ந்து மூடிக்கொள்ளும் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி மட்டுமே. எனக்கு முதல் மூன்று வாரம் பெரும் சிரமமாக இருந்தது. வாய் திறந்து காற்று கசிந்து, நாக்கு பஞ்சுபோல் வறண்டுவிடும். முகமூடியின் அளவை மாற்றி, ஈரப்பதத் தொட்டியில் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றத் தொடங்கிய பிறகுதான் விடியும்வரை கழற்றாமல் உறங்க முடிந்தது. பல் கடிப்பது எனக்கு வெகுவாகக் குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை.

கடைவாய்

பல் மருத்துவராகப் பணிபுரிகிறேன். உங்களை நேரில் பார்க்காததால் பொதுவாகவே சொல்கிறேன். மூச்சு தடைபடும்போது மூளை ஒரு கணம் பாதி விழிக்கிறது. அத்தகைய குறுவிழிப்புகளின்போது தாடைத் தசைகள் இறுகுவது பலரிடம் காணப்படுகிறது. ஆனால் எல்லாப் பல் கடிப்புக்கும் மூச்சுத்தடையே காரணம் என்று சொல்லிவிட முடியாது. மனஅழுத்தம், இரவில் குடிக்கும் காப்பி, மது, புகை, மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மாத்திரைகள் ஆகியவையும் அதைத் தூண்டும். மாத்திரை ஏதேனும் உட்கொண்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

முக்கியமாக ஒன்று: மேல்வரிசைக்கு மட்டும் பொருத்தும் நைட் கார்டு சிலருக்கு மூச்சுத்தடையைக் கூட்டியதாகச் சிறிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. பல்லைத் தேயாமல் காப்பதுதான் அதன் வேலை; கடிப்பதை நிறுத்துவது அன்று. குறட்டை உள்ளவர் நைட் கார்டு கேட்டு வந்தால், உறக்கத்தைப் பற்றி முதலில் கேட்பது எங்கள் கடமை என்பது என் உறுதியான கருத்து. சிபாப்புடன் சேர்த்து அணிபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கார்டு வாயில் இருக்கும்போதே முகமூடியின் பொருத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். சிபாப் ஒத்துவராதவர்களுக்குக் கீழ்த்தாடையைச் சற்று முன்னே தள்ளிப் பிடிக்கும் வேறொரு பல் கருவி உண்டு. அது சாதாரண நைட் கார்டு அன்று. தாடை மூட்டில் வலி உள்ளவர்களுக்கு யோசித்தே தர வேண்டும்.

மல்லிகைப்பந்தல்

என் கணவருக்கும் இதே இரண்டும் உண்டு. வீட்டுப் பரிசோதனையில் பெரும்பாலும் மூச்சும் ஆக்சிஜன் அளவும் மட்டுமே பதிவாகும். மருத்துவமனையில் ஓரிரவு தங்கிச் செய்யும் உறக்க ஆய்வில், கேட்டுக்கொண்டால் தாடைத் தசையிலும் மின்வாய் ஒட்டி, கடிப்பது மூச்சுத்தடையை ஒட்டி வருகிறதா, தனியாக வருகிறதா என்று பார்க்கிறார்கள். அவருக்குப் பாதி அப்படி, பாதி இப்படி என்றே வந்தது. அதனால் இன்றும் சிபாப், நைட் கார்டு இரண்டையும் அணிகிறார். மல்லாந்து படுத்தால் மூச்சுத்தடை மோசமாகிறது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. முதுகுப்பக்கம் தலையணை வைத்து ஒருக்களித்துப் படுக்கப் பழகிக்கொண்டார். மின்வெட்டு வந்தால் கருவி நின்றுவிடும் என்பதால், அதை இன்வெர்ட்டர் இணைப்பில் செருகி வைத்திருக்கிறோம்.

வைகைக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நைட் கார்டு போட்ட பிறகுதான் குறட்டை கூடியது என்று மனைவி அன்றே சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை. திங்கட்கிழமை, பள்ளம் விழுந்த கார்டையும் எடுத்துக்கொண்டு உறக்க மருத்துவரைப் பார்க்கிறேன். தாடைத் தசையையும் பதிவு செய்யக் கேட்பேன். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.