நோரா ஆனோர்: நடிப்பைப் பேசுங்கள், தண்ணீர் விற்ற கதை போதும்

பழைய ரீல்:
பிலிப்பைன்ஸ் நடிகை நோரா ஆனோர் 2025 ஏப்ரல் 16 அன்று காலமானார். வயது 71. நான் வாசித்த அஞ்சலிகளில் முக்கால்வாசி ஒரே அச்சில் வார்த்தவை. பீகோல் பகுதியில் இரீகா என்ற ஊர், ரயில் நிலையத்தில் தண்ணீர் விற்ற ஏழைச் சிறுமி, 1967-ல் பாட்டுப் போட்டியில் ஜெயித்தாள், சூப்பர் ஸ்டார் ஆனாள். அவ்வளவுதான். அந்த அம்மாள் எப்படி நடித்தார் என்று ஒரு வரி கிடையாது. ஏழ்மையைக் கொண்டாடிக் கொண்டாடியே அவருடைய தொழிலை மறைத்துவிட்டோம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

செம்மண்:
வந்துவிட்டேன். அவர் வருவதற்கு முன் அங்கே கதாநாயகி என்றால் மெஸ்திசா முகம். ஸ்பானியரோ அமெரிக்கரோ கலந்த வெள்ளைத் தோல், எடுப்பான மூக்கு, நல்ல உயரம். அந்த வரிசையில் ஐந்தடிக்கும் குறைவான ஒரு கறுத்த பெண் போய் நின்றாள். வீட்டுவேலை செய்யும் பெண்களும் சந்தையில் கடை போட்டவர்களும் முதல்முறையாகத் தங்கள் நிறத்தைத் திரையில் பார்த்தார்கள். அவருடைய தொழிலில் பாதியே அந்த நிறம்தான். அதைக் கழித்துவிட்டு எந்த நடிப்பைப் பேசப் போகிறீர்கள்?

பழைய ரீல்:
நிறம் கூட்டத்தைக் கூட்டியது. நடிப்பைக் கொண்டுவரவில்லை. 70-களின் தொடக்கத்தில் டிர்சோ க்ரூஸோடு ஜோடி சேர்ந்து பாட்டும் கூத்துமாக ஓடிய படங்களை இன்று யார் பார்க்கிறார்கள்? டிர்சோ கொடுத்த ஒரு பொம்மைக்கு மரியா லியோனோரா தெரசா என்று பெயர். ரசிகர்கள் அதை இவர்கள் பெற்ற பிள்ளையாகவே பாவித்தார்கள் ஐயா! பொம்மையை! அந்தப் பைத்தியக்கார அன்பிலேயே காலம் தள்ளியிருக்கலாம். அவர் தள்ளவில்லை. 1976-ல் மாரியோ ஓ'ஹாராவின் ‘தத்லோங் தாவோங் வாலாங் தியோஸ்’ படத்தைச் சொந்தக் காசில் எடுத்தார். ஜப்பானியர் ஆக்கிரமிப்புக் காலத்தில் தன்னைக் கெடுத்த சிப்பாயையே மணந்து, ஊரால் துரோகி என்று கொல்லப்படும் பள்ளி ஆசிரியை வேடம். எந்த சூப்பர் ஸ்டார் அதைத் தொடுவார்?

வில்மா கட்சி:
ஒருவர் நிறம் என்கிறார், ஒருவர் துணிச்சல் என்கிறார். நடிப்பு இன்னும் வரவில்லை. நான் சொல்கிறேன்: ‘கண்ணாலேயே நடிப்பார்’ என்பது நோரானியர்கள், அதாவது நோராவின் ரசிகர்கள், ஓதும் மந்திரம். 1982-ஐ எடுங்கள். இயக்குநர் இஷ்மாயில் பெர்னால் ஒரே ஆண்டில் நோராவை வைத்து ‘ஹிமாலா’வும், அவருடைய போட்டி நடிகை வில்மா சாந்தோஸை வைத்து ‘ரெலாஸ்யோன்’ படமும் எடுத்தார். மெட்ரோ மணிலா விழாவில் நோராவுக்குப் பரிசு, சரி. ஆனால் அந்த ஆண்டுக்கான பெரிய சிறந்த நடிகை விருதுகளை வரிசையாக அள்ளியது வில்மா. மணமான ஒருவனின் துணைவியாக வாழும் பெண்ணின் சலிப்பு, கோபம், ஆசை எல்லாம் வில்மாவின் முகத்தில் மாறி மாறி ஓடும். ‘ஹிமாலா’வில் நோரா ஏற்ற எல்சா பாத்திரத்துக்கு அதெல்லாம் தேவையே இல்லை. வெறித்துப் பார்த்தால் போதும். ‘ஹிமாலா’வின் பெருமை பெர்னாலுக்கும், எழுதிய ரிக்கி லீக்கும் சேர வேண்டியது.

கடலோரம்:
இடையில் ஒரு அப்பாவியின் குரல். ‘ஹிமாலா’ என்றதும் இமயமலைப் படம் என்று நினைத்தேன். கதை என்ன?

செம்மண்:
ஹிமாலா என்றால் அற்புதம். மழையே காணாத ஒரு கிராமம். கிரகணத்தன்று கன்னி மரியாளைக் கண்டதாக எல்சா சொல்கிறாள். நோயாளிகள் வருகிறார்கள், பின்னாலேயே வியாபாரிகளும் விபச்சார விடுதியும் வருகின்றன. இலோகோஸ் நோர்த்தே மணல் மேடுகளில் எடுத்தது. கடைசிக் காட்சியில் சுமார் 3000 பேர்.

வில்மா கட்சிக்காரருக்கு: அந்தக் கடைசிக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். அற்புதம் என்று எதுவும் கிடையாது, சாமியையும் சாபத்தையும் உண்டாக்குவது நாம்தான் என்று அத்தனை பேர் முன்னால் சொல்கிறாள். வெறித்த பார்வையா அது? படம் முழுக்கக் குரலை அடக்கி வைத்திருந்தவள் அங்கேதான் திறக்கிறாள். அடக்கி வைக்கத் தெரிந்ததால்தான் திறக்கும்போது அடி விழுகிறது. துப்பாக்கி வெடித்து அவள் சாய்வது அதற்குப் பிறகு.

வில்மா கட்சி:
அந்தக் காட்சியை விட்டுத் தருகிறேன். அது ஒன்றை மட்டும்.

சிராங்கூன் வாசி:
நான் சிங்கப்பூரில் இருப்பவள். யாரும் தொடாத படத்தை நான் தொடுகிறேன். ஃப்ளோர் கான்டெம்ப்லாசியோன் என்ற பிலிப்பைன்ஸ் பணிப்பெண், இன்னொரு பணிப்பெண்ணையும் ஒரு சிறுவனையும் கொன்ற குற்றத்துக்காக 1995 மார்ச் 17 அன்று இங்கே தூக்கிலிடப்பட்டார். மணிலாவே கொதித்தது. அதே ஆண்டில் படம் வந்துவிட்டது, நோராவுக்கு கெய்ரோ விழாவில் சிறந்த நடிகை விருது. அவர் நன்றாக நடித்ததுதான் என் புகாரே. இங்கே நீதிமன்றம் குற்றவாளி என்று சொன்னவரை, அந்த முகத்தில் பார்த்த பிறகு யாரால் குற்றவாளி என்று நினைக்க முடியும்? ஆறாத ஒரு வழக்கில் நடிப்பே தீர்ப்பு எழுதலாமா?

பழைய ரீல்:
நியாயமான கேள்வி அம்மா. ஆனால் அந்தப் படம் ஓடியது வழக்குக்காக மட்டுமா? வீட்டுக்கு ஒருவரை அயல்நாட்டுக்கு வேலைக்கு அனுப்பிய நாடு அது. சவப்பெட்டியாகத் திரும்பி வந்த ஒருத்தியில் ஒவ்வொரு குடும்பமும் தன் மகளைப் பார்த்தது.

சிராங்கூன் வாசி:
செத்த சிறுவனுக்கும் ஒரு குடும்பம் இருந்தது, ஐயா.

சட்டம்பிள்ளை:
நடிப்பு இருக்கட்டும். விருது விஷயத்துக்கு வருகிறேன். 2014-ல் தேசியக் கலைஞர் பட்டியலில் இருந்த நோராவின் பெயரை அதிபர் மூன்றாம் பெனிக்னோ அகினோ நீக்கினார். 2005-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் போதைப்பொருளோடு பிடிபட்டதுதான் காரணம். நாட்டின் மிக உயர்ந்த கலை விருதைப் பெறுபவரைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அகினோ செய்தது சரி என்பேன்.

செம்மண்:
அந்த வழக்கு பிறகு தள்ளுபடியானதையும் எழுதியிருக்கலாமே. கலைஞர்களும் பண்பாட்டு ஆணையமும் கூடித் தேர்ந்தெடுத்த பெயரை அதிபர் ஒருவர் அடிக்கிறார். அடுத்த அதிபர் துதெர்தே காலத்தில் 2018-லும் பெயர் விடுபட்டது. போதைப்பொருளுக்கு எதிராக ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற அதே ஆட்சிதான் கடைசியில் 2022 ஜூனில் பட்டத்தைக் கொடுத்தது. அப்போது பிள்ளைகள் பார்க்கவில்லையா?

சட்டம்பிள்ளை:
அரசியல் என்றால் முழுதாகப் பேசுங்கள். 1986 தேர்தலில் உங்கள் ஏழைகளின் நாயகி அன்றைய அதிபர் மார்க்கோஸுக்காகப் பிரச்சாரம் செய்தார். ‘ஹிமாலா’வைத் தயாரித்ததும் மார்க்கோஸ் அரசின் திரைப்பட நிறுவனம்தான். தலைமையில் மகள் ஐமீ.

செம்மண்:
மறைக்கவில்லை. அது அவர் வாழ்வின் கோணலான பக்கம். இப்போது மார்க்கோஸ் கிடக்கும் அதே வீரர் கல்லறையில்தான் நோராவும் கிடக்கிறார். சர்வாதிகாரியின் காசில், போலி அற்புதங்களை நம்பாதீர்கள் என்று ஒரு படம் வந்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

கடலோரம்:
பாட்டை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். அவர் பாடகியாகத்தானே வந்தார்?

பழைய ரீல்:
ஆமாம். 2010-ல் ஜப்பானில் செய்துகொண்ட ஓர் அழகு சிகிச்சை கெட்டுப்போய்ப் பாடும் குரல் போய்விட்டது. அதன் பிறகுதான் பிரில்லியான்டே மெண்டோசா இயக்கிய ‘தை வூம்ப்’ (Thy Womb, ‘உன் கருப்பை’). 2012-ல் வெனிஸ் போட்டிப் பிரிவுக்குப் போனது. நாட்டின் தென்கோடியில் தாவி-தாவி என்ற தீவுகளில் ஊராரின் பிள்ளைகளுக்கெல்லாம் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி, தனக்குப் பிள்ளை இல்லாததால் கணவனுக்கு இரண்டாம் மனைவி தேடுகிறாள். வசனம் மிகக் குறைவு. வில்மா கட்சிக்காரரே, ‘மந்திரம்’ என்றீர்களே, இதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வில்மா கட்சி:
பார்த்திருக்கிறேன். பாதியில் தூங்கினேன். உண்மையைச் சொல்ல என்ன பயம்?

செம்மண்:
அப்படியானால் ‘போனா’ பாருங்கள், தூக்கம் வராது. 1980, இயக்கம் லினோ ப்ரோக்கா. உதிரி நடிகன் ஒருவன் மேல் பித்துக்கொண்டு, வீட்டை விட்டு வந்து, சேரிக் குடிசையில் அவனுக்குச் சமைத்துப் போட்டு, தினமும் குளிக்க வெந்நீர் வைத்துக் கொடுக்கிறாள். தனக்காக உயிரை விடும் லட்சம் ரசிகைகள் இருக்கும்போது, அந்த ரசிகையாகத் தானே நடித்தார். தயாரித்ததும் அவரே. முடிவில் அவன் இவளை விட்டு அமெரிக்கா கிளம்பப் பார்க்கிறான். அன்றைக்கும் வெந்நீர் கொதிக்கிறது. அதை அவன் மேல் ஊற்றுகிறாள்.

பழைய ரீல் அண்ணே, தண்ணீர் கதை போதும் என்றீர்கள். அதைத் திரும்பத் திரையில் கொண்டுவந்து கொதிக்க வைத்தது யார்?

பழைய ரீல்:
இது போங்கு ஆட்டம். ப்ரோக்காவின் கதையில் வெந்நீர் இருந்தது, நோரா ஊற்றினார், அவ்வளவுதான். ஆனால் அந்த ஷாட்டுக்கு முன்னால், அடுப்படியில் அவர் எதுவும் செய்யாமல் நிற்பது நினைவுக்கு வருகிறது. 2024-ல் கான் விழாவில் மீட்டெடுத்த பிரதியைப் போட்டார்களாம். யாரிடமாவது அந்தப் பிரதி இருந்தால் சொல்லுங்கள். என்னிடம் இருப்பது கோடு விழுந்த பழையது, முகமே தெரியாது.