ஐந்து மாதம் உழைத்தும் எல்டிஎல் 151: இனி மாத்திரைதானா?

விடியல்நடை எழுதியது:

வணக்கம். எனக்கு 51 வயது. ஐந்து மாதத்துக்கு முன்னால் வேறு ஒரு காரணத்துக்காக ரத்தம் கொடுத்தபோது லிப்பிட் புரொஃபைல் என்ற ரத்தக் கொழுப்புப் பரிசோதனையும் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் 262, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 178, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 52, ட்ரைகிளிசரைடு (இன்னொரு வகை ரத்தக் கொழுப்பு) 160. சர்க்கரை இல்லை, புகைப் பழக்கம் இல்லை. ரத்த அழுத்தம் 136/86. அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு மாடிப்படி ஏறவே பயந்தார்.

மருத்துவர் அன்றைக்கே மாத்திரை எழுதத் தயாராக இருந்தார். நான்தான் அவகாசம் கேட்டேன். வெண்ணெயை நிறுத்தினேன். எண்ணெயில் பொரித்தது, கொழுப்புள்ள இறைச்சி, பேக்கரி பண்டம் எல்லாம் போயிற்று. காலையில் ஓட்ஸ், தினமும் ஒரு வேளை பருப்பு அல்லது பயறு, மாலையில் ஒரு கைப்பிடி பாதாம். வாரத்தில் ஆறு நாள் 45 நிமிட நடை. மழை நாளில் வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறேன். எடை 71 கிலோவிலிருந்து 65 ஆனது.

போன வாரம் மறுபடி பரிசோதனை. மொத்தம் 227, எல்டிஎல் 151, எச்டிஎல் 55, ட்ரைகிளிசரைடு 105. மருத்துவர் பாராட்டினார். அப்புறம், "ஆனாலும் ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி. தொடங்குவது நல்லது" என்றார். நான் வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

இவ்வளவு செய்தும் மாத்திரைதான் என்றால், செய்ததெல்லாம் வீணா? இன்னும் கடுமையாக இருந்தால் 100-க்குக் கீழே கொண்டுவர முடியுமா? மருந்தில்லாமல் குறைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

வேர்தேடி எழுதியது:

அக்கா, நீங்கள் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்ததைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 31 வயதில் நானும் அப்படி உட்கார்ந்தவன். இப்போது எனக்கு 44.

என் முதல் எல்டிஎல் 241. அப்போது வாரத்துக்கு 30 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன், இறைச்சியே தொடாதவன். ஆய்வகம் யாருடைய ரத்தத்தையோ மாற்றி வைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மறுபடி கொடுத்தேன், 238. மருத்துவர் மாத்திரை என்றார், நான் மறுத்தேன். இரண்டு வருடம் மறுத்தேன். முட்டையின் மஞ்சள் கரு, பால், எண்ணெய் என்று ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தேன். 214 வரைதான் இறங்கியது. அதற்கு மேல் ஒரு புள்ளி இறங்கவில்லை. ஒவ்வொரு முறை ரிப்போர்ட் வரும்போதும் நான் ஏதோ தப்பு செய்து பிடிபட்ட மாதிரி இருக்கும். மனைவியிடம்கூடக் காட்ட மாட்டேன்.

பிறகு வேறு ஒரு மருத்துவரிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் செருப்பைக் கழற்றச் சொன்னார். குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். அது தடித்திருந்தது. கொலஸ்ட்ரால் அங்கே படிந்திருந்தது. ஓட்டத்தால் வந்த வீக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "உங்கள் வீட்டில் யாருக்குச் சின்ன வயதில் மாரடைப்பு?" என்று கேட்டார். என் பெரியப்பா 43 வயதில் இறந்தவர். எனக்கிருப்பது பரம்பரையாக வரும் அதிகக் கொலஸ்ட்ரால். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது.

அவர் விளக்கிய விதம் இன்னும் மனதில் இருக்கிறது. உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு உடம்பே செய்துகொள்வது. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கக் கல்லீரல் செல்களின் மேல் கொக்கி மாதிரி ஏற்பிகள் இருக்கின்றன. பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்து 1985-இல் நோபல் பரிசு வாங்கினார்கள். என்னைப் போன்றவர்களுக்குப் பிறவியிலேயே அந்தக் கொக்கிகள் குறைவு. வெண்ணெய், கொழுப்பு இறைச்சி போன்றவற்றில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு கொக்கிகளின் வேலையை மந்தமாக்கும். அதனால்தான் அதைக் குறைத்தால் எல்டிஎல் குறைகிறது. உங்கள் மருத்துவர் சொன்ன ரோசுவாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகை மாத்திரை என்ன செய்கிறது? கல்லீரல் சொந்தமாகக் கொலஸ்ட்ரால் செய்வதைத் தடுக்கிறது. தனக்குத் தேவையானதற்குக் கல்லீரல் ரத்தத்தைத்தான் நாட வேண்டும். அதற்காகக் கூடுதல் கொக்கிகளை வெளியே நீட்டுகிறது. நீங்கள் உணவால் செய்ததும் மாத்திரை செய்வதும் ஒரே இடத்தில்தான் போய் முடிகிறது. இது தெரிந்த அன்றுதான் எனக்குள் இருந்த சண்டை நின்றது.

இப்போது அட்டோர்வாஸ்டாட்டின் 40, எசெடிமைப் 10 என்று இரண்டு மாத்திரை. எல்டிஎல் 88. இன்னும் ஓடுகிறேன். என் மகளுக்கு இது வர ஐம்பது சதவீதம் வாய்ப்பு என்பதால் 9 வயதில் பார்த்தோம். அவளுக்கும் இருக்கிறது. இந்த வயதிலேயே தெரிந்ததில் எனக்கு நிம்மதிதான். பெரியப்பாவுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

உங்கள் எண் என்னுடைய அளவுக்கு இல்லை. எல்டிஎல் 190-க்கு மேல் என்றால் பொதுவாக வேறு கணக்குப் பார்க்காமலே மாத்திரை தொடங்கச் சொல்வார்கள், நீங்கள் அதற்குக் கீழே. ஆனால் அப்பா, சகோதரன் போன்ற நெருங்கிய ஆண் உறவினருக்கு 55 வயதுக்கு முன்னால் மாரடைப்பு வந்திருந்தால் அதைத் தனியாகக் கணக்கில் எடுப்பார்கள். உங்கள் அப்பா 52. மருத்துவர் அதை நினைத்துத்தான் சொல்லியிருப்பார்.

---

மஞ்சள்குடை எழுதியது:

அக்கா, மருந்தில்லாமல் குறைத்தவர்களைக் கேட்டீர்கள். நான் ஒருத்தி. ஆனால் என் கதையை முழுசாகச் சொன்னால்தான் உங்களுக்கு உதவும்.

39 வயது, எல்டிஎல் 162. நானும் உணவு, நடை என்று இறங்கினேன். மூன்று மாதத்தில் அசையவே இல்லை. முடி கொட்டியது, எப்போதும் குளிர், அசதி. தைராய்டு பார்த்தார்கள், டிஎஸ்எச் 14 (இந்த எண் ஏறினால் தைராய்டு குறைவு என்று அர்த்தம்). தைராய்டு குறைந்தால் எல்டிஎல் ஏறும் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். அதற்கு மருந்து தொடங்கி நான்கு மாதத்தில் எல்டிஎல் 118. என் குடும்பத்தில் யாருக்கும் இதய நோய் இல்லை, ரத்த அழுத்தமும் இல்லை. அதனால் கொலஸ்ட்ரால் மாத்திரை பேச்சே எழவில்லை.

என்னிடம் எல்லாரும் "எப்படிக் கட்டுப்பாடாக இருந்து குறைத்தாய்?" என்று கேட்கிறார்கள். கட்டுப்பாட்டில் உங்களுக்குப் பாதிகூட நான் இல்லை. காரணம் வேறாக இருந்தது, அவ்வளவுதான். உங்களுக்கு டிஎஸ்எச் பார்த்தார்களா? மாதவிடாய் நிற்கும் காலத்தில் எல்டிஎல் தானாகவே ஏறும் என்றும் என் மருத்துவர் சொன்னார். அதையும் கேளுங்கள்.

---

விடியல்நடை எழுதியது:

இருவருக்கும் நன்றி. வேர்தேடி தம்பி, மகளைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். மஞ்சள்குடை, மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. டிஎஸ்எச் பார்த்ததாக நினைவில்லை, கேட்கிறேன்.

மனதில் இருக்கும் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர் இந்த மாத்திரை போட்டு, கால் வலி தாங்காமல் நிறுத்திவிட்டார். சர்க்கரை வரும், கல்லீரல் கெடும் என்றும் சொல்கிறார்கள். ஒரு தோழி, "சிவப்பு ஈஸ்ட் அரிசி கேப்சூல் சாப்பிடு, அது இயற்கை, மருந்தே இல்லை" என்கிறாள். தொடங்கினால் வாழ்நாள் முழுக்கவா?

---

மருந்துப்பெட்டி எழுதியது:

சகோதரி, நான் 22 வருடமாக மருந்தாளுநர். ஸ்டாட்டின் வாங்க வருபவர்கள் கவுன்ட்டரில் என்னிடம் தினமும் கேட்பது இவைதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தக் கேப்சூல். தயவுசெய்து வேண்டாம். சிவப்பு ஈஸ்ட் அரிசியில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பொருளின் பெயர் மொனாகோலின் கே. அதுவும் லோவாஸ்டாட்டினும் ஒரே மூலக்கூறு. 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ஸ்டாட்டின் அது. அதாவது உங்கள் தோழி மாத்திரையைத்தான் வேறு பெயரில் தருகிறார். வித்தியாசம் என்னவென்றால் ஒரு கேப்சூலில் எவ்வளவு இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஸ்டாட்டின் வகை மருந்தே பூஞ்சையிலிருந்து வந்ததுதான். ஜப்பானில் அகிரா எண்டோ 1970-களில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, பெனிசிலியம் வகை ஒன்றிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார். இயற்கையா செயற்கையா என்ற கேள்வி இங்கே எதையும் தீர்க்காது.

கால் வலி. இது பொய் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன், உண்மையாகவே சிலருக்கு வருகிறது. பெரும்பாலும் இரண்டு தொடையிலும், இடுப்பிலும், தோளிலும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் 2020-இல் வந்த சாம்சன் ஆய்வை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பக்க விளைவால் ஸ்டாட்டினை நிறுத்தியிருந்த 60 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருடத்தில் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, சில மாதம் எதுவும் இல்லை. எந்த மாதம் ஸ்டாட்டின், எந்த மாதம் வெற்று மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாட்டினில் வந்த தொல்லையில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. வலி உண்மை, அவர்கள் நடிக்கவில்லை. வலிக்கும் என்ற எதிர்பார்ப்பே பெரும்பாலான வலிக்குக் காரணமாக இருந்தது. முடிவைக் காட்டியதும் அவர்களில் பாதிப் பேர் மறுபடி மருந்தைத் தொடங்கினார்கள். உண்மையாகவே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டின் மாற்றலாம், ஸ்டாட்டின் அல்லாத மருந்தும் இருக்கிறது. ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்: கடுமையான தசை வலியோடு சிறுநீர் அடர் பழுப்பாகப் போனால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மிக அரிது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

சர்க்கரை கொஞ்சம் ஏற வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே எல்லையில் நிற்பவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் சர்க்கரை நோயாக மாறுகிறது. அதனால் தொடங்கும் முன் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பார்த்துக்கொள்ளுங்கள். கல்லீரலுக்குக் கடுமையான கேடு மிக அரிது. தொடங்கும் முன் ஒரு பரிசோதனை போதும், பிறகு தேவைப்பட்டால் பார்ப்பார்கள்.

இப்போது 'வீணா' என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் இரட்டிப்பாகக் குறையாது. ஒவ்வொரு இரட்டிப்புக்கும் கூடுதலாகச் சுமார் 6 சதவீதம்தான் கிடைக்கும். 10-ஐ 20 ஆக்கி, 20-ஐ 40 ஆக்கினாலும் கிடைப்பது 12 சதவீதம். நீங்கள் 178-லிருந்து 151-க்கு வந்தது 15 சதவீதம். ஐந்து மாத நடையும் ஓட்ஸும் பருப்பும் சேர்ந்து, மாத்திரையை இரண்டு முறை இரட்டிப்பாக்குவதை விட அதிக வேலை செய்திருக்கின்றன. நீங்கள் 10 மி.கி.-யில் நிற்க முடியும் என்றால் அது நீங்கள் சம்பாதித்தது. எடை இறங்கியது மாத்திரை தந்துவிடக்கூடியது அல்ல.

இன்னும் கடுமையாக இருந்தால் 100-க்குக் கீழே போகுமா? உணவில் இன்னும் கொஞ்சம் இடமிருக்கிறது. காகித வடிகட்டி இல்லாமல் காய்ச்சிய காபியில் கஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கும், அது எல்டிஎல்லை ஏற்றும். நிறையக் குடிப்பவர் என்றால் அதை மாற்றிப் பாருங்கள். ஆனால் 151-லிருந்து இன்னும் மூன்றில் ஒரு பங்கை உணவாலேயே குறைப்பது மிகக் கடினம். 10 மி.கி. ரோசுவாஸ்டாட்டின் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இறக்கும். எல்டிஎல் ஏறக்குறைய 39 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது பல பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்த கணக்கு. உங்களுக்கு அது எத்தனை என்பது, அடுத்த பத்து வருடத்துக்கான உங்கள் சொந்த ஆபத்தைப் பொறுத்தது. அந்த எண்ணை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். லிப்போபுரோட்டீன் ஏ என்ற பரிசோதனையையும் கேளுங்கள். எல்டிஎல் மாதிரியே ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்புத் துகள் அது, அதிகமானால் இதயத்துக்கு ஆபத்து. பரம்பரையாக வருவது, வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும்.

ஆமாம், தொடர்ந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். நிறுத்தினால் சில வாரத்தில் பழைய எண் திரும்பிவிடும். "ரிப்போர்ட் நார்மல், அதனால் நிறுத்திவிட்டேன்" என்று வருபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். நார்மல் ஆனதே மாத்திரையால்தான். ஆன்டிபயாட்டிக் எதுவும் எழுதினால், குறிப்பாகக் கிளாரித்ரோமைசின், ஸ்டாட்டின் எடுப்பதைச் சொல்லுங்கள்.

---

விடியல்நடை எழுதியது:

மூன்று மாதம் கழித்து வருகிறேன். சொல்லாமல் போவது சரியாக இருக்காது.

டிஎஸ்எச் நார்மல். எச்பிஏ1சி 5.5. மருத்துவரிடம் பத்து வருடக் கணக்கைக் கேட்டேன். அவர் கணினியைத் திருப்பிவைத்து என்னோடு சேர்ந்து போட்டுக் காட்டினார். ரோசுவாஸ்டாட்டின் 10 தொடங்கினேன். இரண்டாவது வாரம் இடது கெண்டைக்காலில் வலி. பயந்துபோய் மாத்திரையை எடுத்து ஒதுக்கி வைக்கப் போனேன். அப்போதுதான் அந்த 60 பேர் ஞாபகம் வந்தது. நிறுத்தாமல், தினமும் எந்தக் கால், எவ்வளவு நேரம் என்று ஒரு நோட்டில் எழுதினேன். ஒரு காலில் மட்டும்தான், அதுவும் மேட்டில் ஏறி நடந்த மறுநாள்களில். ஒன்பதாம் நாளுக்குப் பிறகு எழுத எதுவும் இல்லை.

நேற்று ரிப்போர்ட் வந்தது. மொத்தம் 159, எல்டிஎல் 83, எச்டிஎல் 57, ட்ரைகிளிசரைடு 95. நடையை விடவில்லை.

லிப்போபுரோட்டீன் ஏ 68 வந்திருக்கிறது. 50-க்கு மேல் அதிகம் என்றார்கள், ஸ்டாட்டினால் அது குறையாதாம். அதனால்தான் எல்டிஎல்லை இன்னும் கீழே வைத்திருக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம். என் தம்பிக்கு 46 வயது, இதுவரை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. முதலில் கோபப்பட்டான். அப்பா மாடிப்படியில் நின்றுகொண்டிருந்ததை நினைவுபடுத்தினேன். சனிக்கிழமை காலை ரத்தம் கொடுக்கப் போகிறான், நானும் கூடப் போகிறேன்.