அப்பாவின் நினைவு மலரில் அவருடைய தம்பி தங்கையரின் நினைவுகளை எப்படிச் சேர்ப்பது?

கேள்வி: செம்பாட்டு மண்

எங்கள் அப்பா மூன்று வாரங்களுக்கு முன் தமது 78ஆவது வயதில் காலமானார். 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் கீரிமலையில் நடைபெறும். அன்று வழங்குவதற்கான நினைவு மலரை, எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுபோல் கல்வெட்டை, எழுதும் பொறுப்பு மூத்த மகளாகிய என்னிடம் வந்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த அப்பா அதிகம் பேசாதவர், கண்டிப்பானவர். மாமிமாரும் சித்தப்பாவும் சொல்லிச் சொல்லி அழுகின்ற "அண்ணை" எனக்குப் புதியவராக இருக்கிறார். 1966இல் அப்பப்பா இறந்தபோது அப்பாவுக்கு 19 வயது, சித்தப்பாவுக்கு 9 வயது. அப்பா கொழும்பில் அரச எழுதுவினைஞராகச் சேர்ந்து, மாதந்தோறும் வீட்டுக்குக் காசுக்கட்டளை அனுப்பி, தங்கையர் இருவரையும் கரையேற்றிய பின்னர், 36ஆவது வயதில்தான் திருமணம் செய்தார். சித்தப்பா பேராதனையில் பொறியியல் படித்ததும் அந்தக் காசில்தான். ஆனால் தமக்கும் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருந்தது என்பதையும், குடும்பத்துக்காக அதை விட்டுவிட்டார் என்பதையும் அப்பா எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. செத்தவீட்டன்றுதான் சித்தப்பா வாய்விட்டுச் சொன்னார். அதை மலரில் கட்டாயம் எழுத வேண்டும் என்கிறார். அப்பா சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை அச்சில் ஏற்றுவது சரியா? 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அவருடைய இளமைக்காலப் படங்களும் கடிதங்களும் தொலைந்துவிட்டன. இவர்களின் வாய்மொழியைத் தவிர எங்களிடம் வேறு சான்று இல்லை.

மறுமொழி: பனங்கூடல்

பிள்ளை, உங்கள் தந்தையாரின் பிரிவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். பழைய கல்வெட்டுகளைப் புரட்டிப் பார்த்தால், குல வரலாற்றுக்குப் பின்னர் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று தனித்தனியாகப் பாடியிருப்பதைக் காண்பீர்கள். ஒரே மனிதரை ஒவ்வோர் உறவும் வேறு வேறாகவே இழக்கிறது என்பதை அந்தப் புலவர்கள் அறிந்திருந்தார்கள். ஆகவே இரண்டு நினைவுகளையும் ஒரே வரலாறாகப் பிசைய வேண்டாம். வாழ்க்கை வரலாற்றை நீங்கள் எழுதுங்கள். பல்கலைக்கழகச் செய்தியைச் சித்தப்பா தம் பெயரில், தம் சொற்களில் எழுதட்டும். அது அவர் பட்ட கடன். அதைச் சொல்லும் உரிமையும் அவருக்கே உண்டு. எழுதும் முன் அம்மாவிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

மறுமொழி: கிணற்றடி

என் தந்தையாரின் மலரில் அவர் வகித்த பதவிகளையும் ஆண்டுகளையும் பிழையில்லாமல் அச்சிட்டோம். இன்று அதை எடுத்து வாசித்தால் அவருடைய குரல் எந்தப் பக்கத்திலும் கேட்கவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். சித்தப்பாவிடம் "அண்ணை எப்படிப்பட்டவர்" என்று கேட்காதீர்கள். "நல்லவர்" என்ற ஒற்றைச் சொல்தான் வரும். அண்ணை விடுமுறையில் வீட்டுக்கு வந்தால் முதலில் என்ன செய்வார், எதற்குக் கோபித்தார், எந்தக் கறியை விரும்பிச் சாப்பிட்டார் என்று கேளுங்கள். மாமிமாரைத் தனித்தனியாக இருத்திக் கேட்டு, அவர்கள் பேசுவதைக் கைபேசியில் பதிவுசெய்து வையுங்கள்.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

இறந்த நாளைப் பாட்டில் குறிக்கும் திதி வெண்பாவை மறந்துவிடாதீர்கள். ஆண்டு, மாதம், பட்சம், திதி நான்கும் அதில் சரியாக அமைந்தால்தான் பேரப்பிள்ளைகள் பிற்காலத்தில் ஆண்டுத் திவசத்தை நாள் தவறாமல் செய்ய முடியும். தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் வருவதால், அதன்கீழ் ஆங்கிலத் திகதியையும் சேருங்கள். அச்சான பின்னர் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அவர்களுடைய இணைய நூலகத்தில் நினைவு மலர்களும் பாதுகாக்கப்படுகின்றன. படங்களைத் தொலைத்த குடும்பங்களுக்கு அது பேருதவி.

கேள்வி கேட்டவர்: செம்பாட்டு மண்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் கேட்டேன். திருமணத்துக்கு முன்பே அப்பா தமக்கு மட்டும் அதைச் சொல்லியிருந்ததாகவும், "தம்பி எழுதட்டும், அவன் மனம் ஆறும்" என்றும் சொன்னார்.

சித்தப்பாவுடன் இரண்டு மணித்தியாலம் பேசினேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அப்பா வரும்போது, சிறுவனாக இருந்த சித்தப்பா சுன்னாகம் புகையிரத நிலையத்தில் பள்ளிக் கொப்பிகளோடு காத்திருப்பாராம். அப்பா இறங்கியதும் மேடையிலிருந்த வாங்கில் அமர்ந்து ஒவ்வொரு கொப்பியாகப் பார்த்து முடித்த பிறகே வீட்டுக்குப் புறப்படுவாராம்.

1990இல் நின்றுபோன புகையிரதச் சேவை 2015 ஜனவரியில் மீண்டும் காங்கேசன்துறை வரை வந்தது. கனடாவிலிருந்து வந்திருந்த சித்தப்பாவை, வாகனம் வேண்டாம் என்று பிடிவாதமாக மறுத்து, அப்பா கொழும்பிலிருந்து புகையிரதத்திலேயே அழைத்துவந்தார். சுன்னாகத்தில் இறங்கிய இருவரும் அரை மணித்தியாலமாகியும் வெளியே வராததால், வாசலில் காத்திருந்த நான் தொலைபேசியில் அப்பாவைக் கடிந்துகொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல், "வாறம் பிள்ளை" என்றார். அந்த அரை மணித்தியாலமும் இருவரும் அதே மேடையில்தான் இருந்தார்களாம்.