பொருள்: பேஸ்பால் திடல் நன்கொடை – அளவு முடிவாகட்டும், பிறகு பணம் அனுப்பலாம்

சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊரில் பேஸ்பால் திடல் அமைக்க டாலஸ் தம்பி சென்ற வாரம் அனுப்பிய வரைபடத்தையும், அதன் கீழே தலைக்கு 500 டாலர் கேட்டிருந்ததையும், அதற்கு வந்த மறுமொழிகளையும் ஒன்றுவிடாமல் படித்தேன். பொங்கலுக்குப் போய் மூன்று வாரம் ஊரில் இருந்தவன் நான். ஓஹையோவில் நான் குடியிருக்கும் சிறு நகரத்தின் விளையாட்டுத் திடல் குழுவிலும் மூன்றாண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "கணக்குக் கேட்பவர்கள் காசு கொடுக்க மாட்டார்கள்" என்று மில் வீட்டு அண்ணன் எழுதியது யாரைக் குறித்து என்பது எல்லோருக்கும் தெரியும். நூலகக் கட்டடத்துக்கு என் பங்கு எந்த மாதம் வந்தது, அவர் பங்கு எந்த மாதம் வந்தது என்பது பொருளாளர் சித்தப்பாவின் நோட்டில் இருக்கிறது. அதை இதற்கு மேல் நான் கிளறப் போவதில்லை.

வரைபடத்தில் இருப்பது பெரியவர்கள் ஆடும் முழு அளவுத் திடல். ஓடுபவர் தொட்டுச் செல்லும் குறியிடங்களான பேஸ்களில், ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் இடையே 90 அடி. பந்து எறியும் பிட்சர் நிற்கும் மேடு, மட்டை பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து 60 அடி 6 அங்குலத் தொலைவில், 10 அங்குல உயரத்தில். வேலி ஓரக் கோடுகளில் 320 அடிக்கு மேல், நடுவில் 400 அடி. சுற்றிலும் இடம் விட்டால் நான்கு ஏக்கருக்குக் குறையாது. நம் ஊரில் நான்கு ஏக்கர் ஒரே துண்டாகக் கிடக்கும் பொது இடம் படுகளத் திடல் ஒன்றுதான். பாரதக் கூத்தின் கடைசி நாளில் துரியோதனன் உருவத்தை மண்ணால் செய்து படுக்க வைக்கும் இடத்தை, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடியெண்ணிப் பார்த்தேன். அவன் தொடை சரியாக இரண்டாம் பேஸில் வருகிறது. தம்பி வளர்ந்தது ஓசூரில் என்பதால் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மண்ணிலேயே வளர்ந்த நான்கு பேர் இந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு "அருமை" என்று எழுதியிருக்கிறீர்கள். எருது விடும் விழாவும் அங்கேதான் நடக்கிறது. ஒரு நாள் காளைகள் ஓடினால் பேஸ்களைச் சுற்றிய உட்திடலில் (இன்ஃபீல்டு) சலித்துப் பரப்பிய மண் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

திசையும் தவறு. ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸை நோக்கிய கோடு கிழக்கு-வடகிழக்காக அமைவது நல்லது என்று பேஸ்பால் விதிநூலே சொல்கிறது, ஏனென்றால் மாலை வெயில் பேட்டரின் கண்ணில் அடிக்கக் கூடாது. வரைபடத்தில், வண்டி நிறுத்த வசதியாக இருக்கும் என்று, ஹோம் பிளேட் கிழக்கே சாலையோரம் இருக்கிறது. பள்ளி விட்டு நாலரை மணிக்கு வரும் பிள்ளைகள் சூரியனைப் பார்த்துக்கொண்டுதான் மட்டையைப் பிடிக்க வேண்டும். திருப்பிப் போட்டாலோ அடித்த பந்து தேசிய நெடுஞ்சாலைக்குப் போகும்.

புல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தாலும் ஏக்கருக்கு 20,000 லிட்டர், நான்கு ஏக்கருக்கு 80,000 லிட்டர். ஒகேனக்கல் குழாயிலிருந்து ஓர் இணைப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ எழுதியிருந்தீர்கள். எழுதியவர் ஒருமுறை கண்ணாடியில் தம் பற்களைப் பார்த்துக்கொள்ளட்டும். ஃபுளூரைடு கலந்த கிணற்று நீரைக் குடித்துப் பல்லெல்லாம் பழுப்பேறி, பள்ளிப் புகைப்படத்தில் வாயை மூடிக்கொண்டு நின்ற தலைமுறை நாம்; அந்தக் காவிரி நீர் குடிப்பதற்காக வந்தது.

உண்மையில் ஊரில் ஆடுவது யார் என்பதை எந்தக் கடிதமும் கேட்கவில்லை. உயர்நிலைப் பள்ளிப் பெண் பிள்ளைகள் பதினைந்து பேர், உடற்கல்வி ஆசிரியை சொல்லிக்கொடுத்து, பேஸ்பால் போலவே பெரிய பந்தில் சிறிய திடலில் ஆடும் சாஃப்ட்பால் ஆடுகிறார்கள். மூன்று பேஸ்களும் மணல் நிரப்பிய அரிசிச் சாக்குகள். ஹோம் பிளேட் பழைய ஃபிளெக்ஸ் பேனரில் வெட்டிய ஐங்கோணம், அதில் யாரோ ஒருவர் கும்பிட்ட கையின் பாதி இன்னும் தெரிகிறது. அவர்கள் ஆட்டத்துக்குப் பேஸ் இடைவெளி 60 அடி, பிட்சருக்கு 43 அடி, மேடே கிடையாது, வேலி 220 அடியில் போதும். ஒன்றரை ஏக்கரில் எல்லாம் அடங்கிவிடும். பள்ளிக்குப் பின்னால் அந்த இடம் இருக்கிறது, திசையும் சரியாக வருகிறது. சிறுவர்கள் ஆடும் லிட்டில் லீக் பேஸ்பாலுக்கும் பேஸ் இடைவெளி அதே 60 அடிதான், பிட்சருக்கு மட்டும் 46 அடி; ஆகவே சிறு பையன்கள் பேஸ்பால் கற்க விரும்பினால் அதே திடலில் கற்கலாம். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பேஸ்பால் திரும்பி வருவதைக் காட்டி, நம் ஊர்ப் பெயர் கல்வெட்டில் ஏற வேண்டும் என்று சிங்கப்பூர் மாமா எழுதியிருந்தார். அங்கே பெண்கள் ஆடப்போவது சாஃப்ட்பால்தான் மாமா; கல்வெட்டைப் பள்ளிச் சுவரிலும் பதிக்கலாம்.

புல் வேண்டாம். வட்டாட்சியரிடம் அனுமதி பெற்று ஏரி வண்டலை எடுத்து, இரண்டு பங்கு மணலுக்கு ஒரு பங்காகக் கலந்து இன்ஃபீல்டில் பரப்பி, நீர் வடியும்படி வாட்டம் கொடுத்து, ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நல்ல வலை ஒன்று கட்டினால் போதும். ஏரி உள்வாயிலேயே திடல் போடலாம் என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே 2007-இல் சட்டம் வந்திருக்கிறது.

பணத்துக்கு வருகிறேன். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்க, சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட நம்மவர்கள் அனுப்பினால் அது 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெற ஊரில் உள்ள சங்கத்துக்குப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு புது தில்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்கும் வேண்டும். நம் சங்கத்துக்கு இரண்டும் இல்லை. இந்த நிலையில் மில் வீட்டு அண்ணன் தம் மைத்துனர் கணக்கு எண்ணைக் கொடுத்து "இதில் போடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்றிருக்கிறார். அந்த எண்ணை யாரும் பயன்படுத்த வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமும், கல்வித் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியும், இரண்டு ஒப்பந்தக்காரர்களின் விலைப்புள்ளியும் வந்த அன்றே என் பங்கை அனுப்புவேன். நான் இன்னும் இந்தியக் குடிமகன்தான், எனக்குத் தடையில்லை.

டாலஸ் தம்பிக்குத் தனியாக ஒன்று. சென்ற ஆண்டு நீங்கள் அன்போடு அனுப்பிய பெட்டியில் இருந்த கையுறைகளில் ஐந்து, இடக்கையால் எறிபவர்களுக்கானவை, அதாவது வலக்கையில் மாட்டுபவை. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதை வலக்கையில் மாட்டிப் பந்தைப் பிடித்து, உடனே கையுறையை அக்குளில் இடுக்கிக் கையை உருவி, பந்தைப் பிடுங்கி, அதே வலக்கையால் முதல் பேஸுக்கு எறிகிறாள். ஓடுகிறவளை அவுட்டும் ஆக்குகிறாள். அடுத்த பெட்டியில் இடக்கையில் மாட்டுபவையாகப் பார்த்து அனுப்புங்கள். சாஃப்ட்பால் 12 அங்குலச் சுற்றளவு, பேஸ்பாலை விடப் பெரியது. கையுறையும் அதற்கேற்ற அளவில் இருக்கட்டும்.