பத்து வயது மகளுக்கு டென்மார்க் கதை: எவ்வளவு சொல்வது?

குட்டிவாசகியின் தாய்:
அனைவருக்கும் வணக்கம். லோயிஸ் லவ்ரி 1989இல் எழுதிய 'நம்பர் தி ஸ்டார்ஸ்' நாவலை, இரவுக்கு ஓர் அத்தியாயமாக, என் பத்து வயது மகளுக்குத் தமிழில் சொல்லி முடித்தேன். 1943இல், நாஜி ஜெர்மனியின் பிடியில் இருந்த டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் வாழும் ஆன்மரீயின் குடும்பம், அவளுடைய யூதத் தோழி எல்லனைத் தங்கள் மகள் என்று சொல்லி வீட்டில் ஒளித்துவைக்கிறது. ஜெர்மானியச் சிப்பாய்கள் அறைக்குள் நுழையும் நேரத்தில், எல்லனின் கழுத்தில் இருந்த, யூதர்களின் அடையாளமான தாவீது நட்சத்திரச் சங்கிலியை ஆன்மரீ அறுத்துக் கைக்குள் மூடிக்கொள்கிறாள். அவர்கள் போனபின் விரித்தால், உள்ளங்கையில் நட்சத்திரம் பதிந்திருக்கிறது. அதைக் கேட்டபோது என் மகளும் தன் கையை இறுக மூடிக்கொண்டாள். கதை முடிந்ததும், "நிஜத்திலும் எல்லாரும் தப்பித்துவிட்டார்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லித் தூங்கவைத்துவிட்டேன். அது முதல் மனம் உறுத்துகிறது. யூதர்கள் ஒளிந்திருக்கும் படகைச் சோதிக்கும் நாய்களின் மோப்பத்தைக் கெடுக்க, கதையில் ஒரு கைக்குட்டை வருகிறதே, அது உண்மையா என்றும் நச்சரிக்கிறாள்.

பழைய நூலகர்:
கைக்குட்டை உண்மைதான் அம்மா. ஆசிரியரே பின்னுரையில் எழுதியிருக்கிறார். அதில் முயலின் உலர்ந்த இரத்தமும் கொக்கெய்னும் தடவப்பட்டிருக்கும். இரத்த வாடைக்கு நாய் மூக்கை நீட்டும், கொக்கெய்ன் அந்த மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும்.

மற்ற கேள்விக்கு, 'பெரும்பாலோர் தப்பினர்' என்பதே சரியான விடை. யூதர்களைப் பிடிக்கப்போகும் செய்தியை, ஜெர்மானியத் தூதரகத்திலேயே பணிபுரிந்த டுக்விட்ஸ் என்ற அதிகாரி செப்டம்பர் 28ஆம் தேதி கசியவிட்டார். மறுநாள் காலை வழிபாட்டுக்கு வந்தவர்களிடம் மதகுரு மெல்கியோர், உடனே ஒளிந்துகொள்ளுங்கள் என்றார். அடுத்த சில வாரங்களில் சுமார் 7,200 யூதர்கள் படகுகளில் சுவீடனுக்குக் கடந்தனர். ஏறத்தாழ 470 பேர் பிடிபட்டுத் தெரேசியன்ஸ்டாட் என்ற நாஜி வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களிலும் பெரும்பாலோர் உயிருடன் திரும்பினர். கதையில் ஆன்மரீயின் ஹென்ரிக் மாமா வாழும் அதே கில்லலையே என்ற கடலோர ஊரில்தான், தேவாலயத்தின் கூரையறையில் ஒளிந்திருந்த சுமார் 80 பேர் அக்டோபரில் ஒரே இரவில் கைதாயினர்.

கரையோரத்தான்:
யூதர்கள் அணியவேண்டும் என்று நாஜிகள் பிற நாடுகளில் ஆணையிட்ட மஞ்சள் நட்சத்திரத்தை, டென்மார்க் மன்னர் கிறிஸ்டியன் தாமும் அணிந்தார் என்றொரு கதையும் இணையத்தில் உலவுகிறது. டென்மார்க்கில் அந்த ஆணையே வரவில்லை என்பதால், அதை மட்டும் மகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். மீனவர்கள் பலர் படகுக்கூலியாகப் பெருந்தொகை வாங்கியதும், இல்லாதவர்களுக்காகப் பிறர் நன்கொடை திரட்டியதும் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கலாம். கூரையறையைப் பற்றி நான் இப்போதே சொல்வேன். அந்த நாவலே பெரியவர்கள் ஒரு சிறுமியிடம் எதை மறைக்கலாம் என்பதைச் சுற்றித்தான் நகர்கிறது: இறந்துவிட்டதாகப் பெரியவர்கள் சொல்லும் பிர்ட்டே பாட்டி என்று ஒருவர் இருந்ததே இல்லை என்று ஆன்மரீ கண்டுபிடித்துக் கேட்டதும், ஹென்ரிக் மாமா மழுப்பவில்லை. முழுவதும் தெரியாதிருந்தால் துணிவாக இருப்பது எளிது, அதனால்தான் சொல்லவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். உங்கள் மகளும் கேட்டுவிட்டாளே.

குட்டிவாசகியின் தாய்:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு கூரையறையைப் பற்றிச் சொன்னேன். "அப்படியென்றால் நீயும் ஹென்ரிக் மாமா மாதிரிதான் மறைத்தாயா?" என்று கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, முகாமிலிருந்து திரும்பியவர்களுக்கு வீடு அப்படியே இருந்ததா என்றாள். எல்லன் குடும்பம் போனபின் அவர்கள் வீட்டுச் செடிகளுக்கு ஆன்மரீயின் தாய் தண்ணீர் ஊற்றி, மெழுகுவர்த்தித் தண்டுகளைத் துலக்கிவைத்த பகுதியைத் தேடி எடுத்து மீண்டும் வாசித்தோம்.