பெட்டி வாசல்ல தேனீ தலைய வெளிய நீட்டி வரிசையா நிக்குது, மத்தியானம் கும்பலா பறக்குது, ஓடிப்போகப் போகுதா?

நீடாமங்கலம்_தோப்பு:
எல்லாருக்கும் வணக்கம். சம்பா அறுவடை முடிஞ்சதும் இந்தியத் தேனீ பெட்டி ஒண்ணு வாங்கி தென்னந்தோப்பு ஓரமா வச்சிருக்கேன், சுத்தி உளுந்தும் பயறும் பூவுல இருக்கு. தேனீ வளர்ப்புக்கு நான் புதுசு. ரெண்டு நாளா வாசல்ல நடக்குறது ஒண்ணும் புரியல. மத்தியானம் ரெண்டு மணி வாக்குல திடீர்னு நிறைய வெளிய வந்து பெட்டி முன்னாடியே அந்தரத்துல ஆடுது, எங்கயும் போக மாட்டேங்குது, கொஞ்ச நேரத்துல அடங்கிடுது. சாயங்காலம் புழுக்கத்துல வாசல் பலகைல வரிசையா நின்னு றெக்கைய அடிக்குது, ஆனா தலை வெளிய பாத்து இருக்கு. வீடியோல பாத்தா தலை பெட்டிய பாத்து இருக்கு, என்னுது தலைகீழா நிக்குதே, இது கெளம்புறதுக்கு அறிகுறியா? இன்னிக்கு காலைல ஒண்ணு வெள்ளையா எதையோ இழுத்துட்டு வந்து கீழ போட்டுச்சு. தெறந்து பாக்கலாமா, யாராவது சொல்லுங்க.

ஒரத்தநாடு_பெட்டிக்காரர்:
தம்பி, மொதல்ல பெட்டிய தெறக்காதீங்க. நம்ம இந்தியத் தேனீ அடிக்கடி தொந்தரவு பண்ணா கூட்டையே விட்டுட்டுப் போயிடும். வாசல்ல பாத்தே பாதி விஷயம் தெரிஞ்சுக்கலாம்.

தலை வெளிய இருக்குறது சரிதான். நீங்க பாத்த வீடியோ இத்தாலியத் தேனீயா இருக்கும், அது தலைய பெட்டி பக்கம் வச்சு உள்ள இருக்குற சூட்டுக் காத்த வெளிய இழுக்கும், நம்மூருது தலைய வெளிய வச்சு வெளிக்காத்த உள்ள தள்ளும். தேனீக் குஞ்சுப் புழு இருக்குற இடம் சுமார் 35 டிகிரில நிக்கணும், அதுக்குத்தான் இவ்வளவு பாடு. மாசி பங்குனி வெயில்ல இன்னும் ஜாஸ்தியாகும், ராத்திரி வாசலுக்கு வெளிய கொத்தா தொங்குனாலும் பயப்படாதீங்க. பெட்டி மேல கீத்து போட்டு நிழல் பண்ணுங்க, பக்கத்துல ஒரு தட்டுல கூழாங்கல்லு போட்டு தண்ணி வைங்க.

மத்தியானம் ஆடுறது இளசுங்க. கிட்ட நின்னு பாருங்க, மூஞ்சி பெட்டிய பாத்துதான் இருக்கும், இடமும் வலமுமா ஆடிட்டு கொஞ்சம் கொஞ்சமா வட்டத்த பெருசாக்கும். வயலுக்குப் போறதுக்கு முன்னாடி தன் வீடு எதுன்னு பாத்துக்குது. புதுசா தேனீ பொரிஞ்சு வருதுன்னு அர்த்தம், சந்தோஷப்படுங்க.

பாபநாசம்_வாழை:
அண்ணன் சொல்றது சரி, ஆனா திருட்டையும் சேத்து சொல்லிடணும், புதுசா வளக்குறவங்க ரெண்டையும் போட்டு குழப்பிக்குவாங்க. வேற கூட்டுத் தேனீ தேன் திருட வந்தா மூஞ்சிய காட்டி ஆடாது, நேரா வாசல்ல எறங்காம பெட்டி இடுக்கு, மூடி ஓரம்னு மோந்து பாத்து சந்து தேடும், காவல் தேனீயோட கட்டிப் புரண்டு சண்டை போடும், கீழ செத்து கெடக்கும். கொஞ்ச நேரத்துல அடங்காது, பொழுது சாயுற வரைக்கும் நடக்கும். அப்படி இருந்தா வாசல ஒண்ணு ரெண்டு தேனீ நுழையுற அளவுக்கு சுருக்கிடுங்க, சக்கரைப் பாகு சிந்தி இருந்தா ஒடனே கழுவுங்க.

ஓடிப்போற கூடான்னு தெரியணும்னா காலைல காலப் பாருங்க. பின்னங்கால்ல மகரந்த உருண்டை வந்துட்டே இருந்தா உள்ள புழு இருக்கு, போகாது. நல்ல பூ நேரத்துல மகரந்தம் வர்றது நாளுக்கு நாள் கொறஞ்சா அப்ப கவலைப்படுங்க.

ஒரத்தநாடு_பெட்டிக்காரர்:
எனக்கு உறுத்துறது அந்த வெள்ளை சமாச்சாரம்தான். கையில எடுத்துப் பாருங்க தம்பி. கால் இருக்கா, தலை பழுப்பா இருக்கா, ஊர்ந்து ஓடுதா? அப்படின்னா மெழுகு அந்துப்பூச்சியோட புழு. தேனீ புழுவுக்கு கால் கெடயாது, ஓடாது. கால் இல்லாம செத்துப்போய், தூக்குனா தண்ணி அடைச்ச பை மாதிரி தொங்குச்சுன்னா அது தேனீப் புழுவக் கொல்ற 'தாய் (தாய்லாந்து) சாக்புரூட்'ங்கற வைரஸா இருக்கலாம். 1991-92ல தென்னிந்தியாவுல பரவி நம்ம தேனீக் கூடுகள அழிச்ச நோய் அது. வைரஸ்ங்கறதால ஆன்டிபயாடிக் கேக்காது, அப்படி இருந்தா அந்த அடை கட்டியிருக்குற மரச்சட்டத்த வேற பெட்டிக்கு மாத்தவே கூடாது.

நீடாமங்கலம்_தோப்பு:
அண்ணே ரொம்ப நன்றி. எடுத்துப் பாத்தேன், தலை பழுப்பு, கால் இருக்கு, உள்ளங்கைல வச்சதும் வேகமா ஊர்ந்துச்சு. மகரந்தம் நல்லா வருது, மஞ்சளா. எறும்பு ஏறாம பெட்டிக் காலுக்கு அடியில வச்ச கிண்ணத்துல தண்ணி இருக்கு. இப்ப தெறக்கலாமா?

ஒரத்தநாடு_பெட்டிக்காரர்:
நல்லதாப் போச்சு. இப்ப தெறங்க, ஆனா ஒரே தடவை, காலைல வெயில் ஏறுறதுக்குள்ள. அடிப்பலகைல விழுந்து கெடக்குற மெழுகுத்தூள சுரண்டி எடுங்க, அதுலதான் அந்துப்பூச்சி முட்டை வச்சு பெருகும். தேனீ மொய்க்காத பழைய கறுப்பு அடை, அந்தப் புழு நூலாம்படை மாதிரி நூல் கட்டி இருக்குற அடை இதெல்லாம் வெளிய எடுத்து உருக்கிடுங்க, தோப்புல வீசாதீங்க. தேனீ எத்தன சட்டத்த மூடி நிக்குதோ அத்தன போதும்.

மன்னார்குடி_உளுந்து:
குறுக்க வரேன் மன்னிக்கணும். சுத்தி உளுந்து பூவுல இருக்குன்னு சொன்னீங்க. இப்பதான் 2 சதவீத டிஏபி உரக் கரைசல் அடிக்குற நேரம், அதோடயே காய்ப்புழுவுக்கு பூச்சி மருந்தும் கலந்து அடிச்சிடுறாங்க. வாசல்ல நாக்கு நீண்டு, நடுங்கிட்டு, சுத்தி சுத்தி விழுந்து நிறைய செத்துச்சுன்னா அது மருந்துதான், நோய்னு தேடாதீங்க. பக்கத்து வயக்காரங்ககிட்ட இப்பவே போய் பேசுங்க, மருந்து அடிக்கிறதா இருந்தா தேனீ அடங்குன பெறகு சாயங்காலமா அடிக்கச் சொல்லுங்க, மொத நாளே ஒரு போன் போடச் சொல்லுங்க. காலைலதான் அடிப்பேன்னா மொத நாள் ராத்திரி எல்லாம் உள்ள அடங்குனதும் வாசலுக்கு கம்பி வலை வச்சு, காத்து போற மாதிரி பாத்து, நல்ல நிழல் பண்ணி மறுநாள் மட்டும் அடைச்சு வைங்க. சாக்கு போட்டு மூடிடாதீங்க, வெந்து செத்துடும்.

நீடாமங்கலம்_தோப்பு:
கெழக்கால வயல் எங்க சித்தப்பாது, நாளைக்கு காலைல மருந்து அடிக்கிறதா இருந்தாரு. இப்ப போன் பண்ணிட்டேன், சாயங்காலத்துக்கு மாத்திட்டாரு. மேற்கால வயல்காரர இனிமேதான் பாக்கணும்.