மாரனெல்லோ, சான்ட்'அகாட்டா பக்கம் போய் வந்தவர்கள் உண்டா?

வணக்கம் நண்பர்களே. கார் பைத்தியம் பிடித்த எட்டுப் பேர் செப்டம்பரில் இத்தாலி கிளம்புகிறோம். முதலில் ஆகஸ்ட் என்றுதான் பேச்சு. அந்த மாதம் நடுவில் அங்கே பல தொழிற்சாலைகள் விடுமுறையில் மூடிக்கிடக்கும் என்று தெரிந்ததும் தள்ளிவைத்தோம்.

ஒரு பயண ஏற்பாட்டாளர் தந்த திட்டத்தில் 'ஃபெராரி தொழிற்சாலை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. விசாரித்தால் கதையே வேறு! உற்பத்திக் கூடத்துக்குள் போக ஃபெராரி வாங்கியவராகவோ அழைப்பு பெற்றவராகவோ இருக்க வேண்டுமாம். நம்மைப் போன்றவர்களுக்கு மாரனெல்லோவில் உள்ள ஃபெராரி அருங்காட்சியகமும், அவர்களுடைய ஃபியோரானோ சோதனை ஓடுதளத்தைப் பேருந்திலிருந்தே பார்க்கும் ஒரு சுற்றும்தான். நல்லவேளை, முன்பணம் கட்டவில்லை.

அதனால் நாங்களே திட்டம் போடுகிறோம். மோதெனா நகரில் தங்கினால் எல்லாமே பக்கம். 1963-இல் தொடங்கிய லம்போர்கினி இன்றும் சான்ட்'அகாட்டா போலோஞேசேயில்தான் இருக்கிறது. அங்கே கார் பொருத்தும் வரிசையை வழிகாட்டியோடு நேரில் பார்க்கலாம். சான் செசாரியோவில் பகானி கார் நிறுவனம். கார்பன் இழைத் துணியைக் கையாலேயே அடுக்குகிற பட்டறை அது. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதன்மேல்தான் கண்.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: லம்போர்கினியில் எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்துக்கு இடம் கிடைக்குமா, எத்தனை வாரம் முன்னால் பதிய வேண்டும்? லம்போர்கினி, பகானி இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாமா? ஓட்டுநரோடு வேன் எடுப்பதா, நாமே ஓட்டுவதா? அப்புறம், பகானியில் ஆங்கிலத்தில் விளக்குகிறார்களா?